கல்லுப்பும் பருப்பொருளின் பண்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்பியல் பண்பு, வேதியியல் பண்பு என்று நோட்டில் இரண்டு கட்டம் போட்டு மனப்பாடம் செய்ததோடு பலருக்கும் இந்தப் பாடம் முடிந்துவிடுகிறது. அடர்த்தி, உருகுநிலை, கரைதிறன் எல்லாம் பரீட்சைக்கான சொற்களாகவே நின்றுவிடுகின்றன. ஆனால் உப்பளத்துக்காரரும் விதை நேர்த்தி செய்யும் விவசாயியும் ஐஸ் கம்பெனிக்காரரும் நாள் முழுக்கப் பிழைப்பு நடத்துவது இந்தப் பண்புகளை வைத்துத்தான். ஒரு பொருளுக்கும் இன்னொன்றுக்கும் பண்பில் வித்தியாசம் இருந்தால்தான் அடையாளம் காணவும் பிரிக்கவும் முடியும். எல்லார் வீட்டிலும் இருக்கும் கல்லுப்பு ஒன்றையே எடுத்துக்கொண்டு, இது பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

இயற்பியல் பண்பு எது, வேதியியல் பண்பு எது?

உப்பு உப்பாகவே இருக்கும்போது நாம் பார்க்கவும் அளக்கவும் முடிவதெல்லாம் இயற்பியல் பண்பு. நிறமற்ற கனசதுரப் படிகம், ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.16 கிராம் அடர்த்தி, 801 டிகிரி செல்சியஸில் உருகுவது, தண்ணீரில் கரைவது எல்லாம் இந்த வகை.

வேதியியல் பண்பு அப்படியல்ல. அதைப் பார்க்க வேண்டுமானால் உப்பை இழக்கத் தயாராக இருக்க வேண்டும். உப்புக் கரைசலில் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால் தயிர் திரிந்ததுபோல் வெள்ளையாகப் படியும். அது வெள்ளி குளோரைடு, புதுப் பொருள். அடர் கந்தக அமிலம் ஊற்றினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். இரண்டிலும் நாம் போட்ட உப்பு உப்பாக மிஞ்சுவதில்லை.

இன்னொரு பிரிவும் உண்டு. எடை, பருமன் போன்றவை எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தவை. அடர்த்தியும் உருகுநிலையும் ஒரு சிட்டிகைக்கும் ஒரு லாரி லோடுக்கும் ஒன்றே. அடையாளம் காண உதவுவது இந்த இரண்டாவது வகைதான்.

சோடியம் தண்ணீர் பட்டால் வெடிக்கும், குளோரின் விஷவாயு. இரண்டும் சேர்ந்ததை எப்படிச் சாப்பிடுகிறோம்?

சேர்மத்தின் பண்பு, அதிலுள்ள தனிமங்களின் பண்புகளைக் கூட்டி வருவதல்ல. சோடியம் கத்தியால் வெட்டக்கூடிய மெத்தென்ற உலோகம். மண்ணெண்ணெயில் போட்டு வைப்பார்கள். ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1807-ல் முதன்முதலாக அதைப் பிரித்தெடுத்தார். குளோரின் மஞ்சள் கலந்த பச்சை வாயு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் ஜெர்மானியப் படை சிலிண்டர் சிலிண்டராகத் திறந்துவிட்டது இதைத்தான். சோடியம் அணு தன் வெளிக்கூட்டிலுள்ள ஒற்றை எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது, குளோரின் அதை வாங்கிக்கொள்கிறது. அதன்பின் இரண்டுக்கும் வினைபுரியும் அவசரம் இல்லை. உப்பில் இருப்பவை இப்படி மின்சுமை ஏறிய அணுக்கள், அதாவது அயனிகள்: சோடியம் அயனியும் குளோரைடு அயனியும். உலோகமும் இல்லை, வாயுவும் இல்லை.

எடைக்கணக்கு மட்டும் மாறாது. நூறு கிராம் உப்பில் 39.3 கிராம் சோடியம், மீதி குளோரின். உலகச் சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்றும் 2 கிராமுக்குக் குறைவாகச் சோடியம் என்றும் சொல்வது ஒரே கணக்கைத்தான். பாக்கெட்டில் சோடியம் அளவு போட்டிருந்தால் இரண்டரையால் பெருக்குங்கள், உப்பின் அளவு வந்துவிடும்.

தண்ணீரில் உப்பு கரைவது இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா?

பரீட்சையில் "இயற்பியல் மாற்றம்" என்று எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். தண்ணீரை வற்றவிட்டால் போட்ட உப்பு திரும்பக் கிடைக்கிறது, புதுப் பொருள் உண்டாகவில்லை என்பது அதற்குச் சொல்லும் காரணம்.

ஆனால் உள்ளே நடப்பது சின்ன விஷயமில்லை. 801 டிகிரி வரை சூடாக்கினாலும் அசையாத படிகக் கட்டு, சாதாரணத் தண்ணீரில் சில நிமிடங்களில் குலைந்துபோகிறது. ஒவ்வொரு அயனியையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொண்டு இழுத்துச் செல்கின்றன. கட்டைக் குலைக்கச் செலவாகும் ஆற்றலும், நீர் சூழ்வதால் திரும்பக் கிடைக்கும் ஆற்றலும் ஏறக்குறையச் சமம். செலவு ஒரு மோலுக்கு (சுமார் 58 கிராம் உப்புக்கு) ஏறக்குறைய 4 கிலோஜூல் கூடுதல், அவ்வளவுதான். அந்தக் கூடுதலைத் தண்ணீரின் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு குழிக்கரண்டி பொடியுப்பைப் போட்டுக் கலக்கி வெப்பமானி வைத்துப் பாருங்கள். ஓரிரண்டு டிகிரி இறங்கியிருக்கும்.

இன்னொரு வேடிக்கை: 100 மில்லிலிட்டர் தண்ணீரில் 36 கிராம் உப்பு கரைத்தால் எடை சரியாக 136 கிராம். பருமன் மட்டும் கணக்குக்கு வராது. உப்பின் பருமனைக் கூட்டினால் 116 மில்லிலிட்டருக்கு மேல் வர வேண்டும். வருவது சுமார் 113. அயனிகளைச் சூழும் நீர் மூலக்கூறுகள் முன்பைவிட நெருங்கி நிற்பதே காரணம். இயற்பியல், வேதியியல் என்ற கோடு நாம் வசதிக்குப் போட்டது. உப்பு கரைவது அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் என் கருத்து.

விதைநெல்லைத் தரம் பிரிக்க உப்புத் தண்ணீரில் முட்டை போடுவது எதற்கு?

அடர்த்தியை அளக்க. கையில் கருவி இல்லாத இடத்தில் முட்டைதான் கருவி.

நல்ல தண்ணீரில் முட்டை மூழ்கிக் கிடக்கும். புது முட்டையின் அடர்த்தி தண்ணீரைவிடச் சுமார் 8 சதவீதம் அதிகம். கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் முட்டை அடியை விட்டு எழும்பி மேலே வரும். ஓடு ஒரு பழைய நாலணாக் காசு அகலத்துக்கு வெளியே தெரிந்தால் கரைசல் பதமாகிவிட்டது என்று அர்த்தம். அதில் விதைநெல்லைக் கொட்டிக் கிளறினால் பதரும் அரைகுறையாக மணி பிடித்ததும் மிதக்கும். அரித்து எடுத்துவிட வேண்டும். மணி முற்றிய நெல் அடியில் தங்கும். முளைப்பும் நாற்றின் வீரியமும் அதில்தான். வெறும் தண்ணீரில் போட்டால் பதர் மட்டும் மிதக்கும், அரைகுறை மணி தப்பித்துவிடும். உப்பு போடுவது அந்த நடுத்தரத்தையும் பிடிக்கத்தான்.

இரண்டு எச்சரிக்கை. முட்டை புதிதாக இருக்க வேண்டும். நாள்பட்ட முட்டையில் ஓட்டின் வழியே நீர் ஆவியாகி உள்ளே காற்றறை பெரிதாகிவிடுவதால் குறைந்த உப்பிலேயே மிதந்து ஏமாற்றிவிடும். பிரித்த விதையை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட வேண்டும். உப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் முளைப்பு கெடும்.

கடல்நீரில் எத்தனையோ உப்புகள் உண்டு. பாத்தியில் சாப்பாட்டு உப்பு மட்டும் எப்படித் தனியாக வருகிறது?

தானாக வருவதில்லை, வரவைக்கிறார்கள். இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து நிற்பது தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடிக் கரை. அங்கே கடல்நீரோடு ஆழ்துளையில் கிடைக்கும் உப்புநீரையும் பாய்ச்சுகிறார்கள். வேலை முழுக்கக் கரைதிறன் வித்தியாசத்தை நம்பித்தான்.

ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள். அதில் 27 கிராம் அளவுக்குத்தான் சோடியம் குளோரைடு. மீதியில் மெக்னீசியம் குளோரைடு, மெக்னீசியம் சல்பேட், கால்சியம் சல்பேட், பொட்டாசியம் குளோரைடு எல்லாம் உண்டு. வெயிலில் நீர் வற்ற வற்ற, குறைவாகக் கரையும் உப்பு முதலில் படிகிறது. எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க உப்பளத்தில் ஒரு மிதவைமானி வைத்திருப்பார்கள். "எத்தனை டிகிரி?" என்று அங்கே கேட்டால் வெப்பத்தைக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், கேட்பது அடர்த்தியை. பிரான்ஸில் மருந்து தயாரிப்பாளராக இருந்த அன்டுவான் போமே 1768-ல் வகுத்த அளவுகோல் அது.

கடல்நீர் மூன்று மூன்றரை டிகிரியில் உள்ளே வருகிறது. வற்றும் பாத்திகளில் முதலில் சுண்ணாம்பு படியும், பத்து டிகிரி தாண்டியபின் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) படியும். 25 டிகிரியை நெருங்கும்போது, வந்த நீரில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். அடர்த்தி தண்ணீரைப்போல் 1.2 மடங்கு. ஜிப்சத்தை முந்தைய பாத்தியிலேயே விட்டுவிட்டு, தெளிந்த நீரை மட்டும் உப்பு விளையும் பாத்திக்குத் திறந்துவிடுவார்கள். அங்கேதான் கல்லுப்பு இறங்குகிறது. நீண்ட கம்பில் பொருத்திய பலகையால் வாரி வரப்பில் குவிக்கும்போது நாம் பார்க்கும் வெள்ளைக் குவியல் இந்தக் கட்டத்தில் வந்தது.

முக்கியமான வேலை இனிமேல்தான். 29, 30 டிகிரிக்குப் போகும்முன் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். அதில் இப்போது மெக்னீசியம் உப்புகள் ஏறிப்போயிருக்கும், வாயில் வைத்தால் கசக்கும். "இன்னும் கொஞ்சம் வற்றட்டும், நிறைய உப்பு வரும்" என்று விட்டால் எடை கூடும், தரம் போய்விடும். கடையில் வாங்கிய கல்லுப்பு கசந்தால் காரணத்தை இங்கே தேடலாம்.

சூடான சர்க்கரைப் பாகை ஆறவிட்டால் கற்கண்டு விளைகிறது. உப்பையும் அப்படி எடுக்க முடியாதா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் தண்ணீரில் 20 டிகிரியில் சுமார் 200 கிராம் சர்க்கரை கரையும். கொதிநிலையில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆறும்போது கரைய இடமில்லாமல் போகும் சர்க்கரை நூலில் படிகமாகத் தொற்றிக்கொள்கிறது. உப்போ, பூஜ்யம் டிகிரியில் 35.7 கிராம், நூறு டிகிரியில் 39 கிராம் சொச்சம். இவ்வளவு சூடாக்கி ஆறவிட்டும் மூன்று நான்கு கிராம்தான் மிஞ்சும். அதனால்தான் உப்பளத்துக்கு நெருப்பு வேண்டாம், வெயிலும் காற்றும் பரந்த நிலமும் வேண்டும்.

மழைக்காலத்தில் உப்பு ஏன் நீர்விடுகிறது?

சுத்தமான சோடியம் குளோரைடு அவ்வளவு எளிதில் நீர்விடாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் அது ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நம் ஊரில் கோடையில்கூட ஈரப்பதம் அதைவிட அதிகம். அளத்தில் மிச்ச நீரை ஒழுங்காக வடிக்காத உப்பில் இந்த மெக்னீசியம் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஜாடி வருஷம் முழுக்க நசநசவென்று இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்று 75-ஐத் தாண்டிவிடுவதால் அப்போது நல்ல உப்பும் தப்பாது.

உப்பில் நாலு அரிசி போட்டுவைப்பது ஓரளவு உதவும், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மூடி இறுக்கமாக இருக்கிற பீங்கான் ஜாடி அதைவிட மேல்.

பாக்கெட் உப்பில் சயனைடு சேர்க்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

பொட்டாசியம் பெர்ரோசயனைடு என்ற பெயரைப் பார்த்துக் கிளம்பிய பயம். பொடியுப்பு கட்டிதட்டாமலிருக்க மிகச் சிறிய அளவில் அதைச் சேர்ப்பது உண்டு. அதில் சயனைடு இரும்போடு மிக இறுகப் பிணைந்திருக்கிறது. சமைக்கும் சூட்டிலும் வயிற்றிலும் அவிழ்வதில்லை. பொட்டாசியம் சயனைடு விஷமாக இருப்பதற்குக் காரணம் அது சயனைடைத் தளர்வாக விட்டுவிடுவது. சோடியத்துக்கும் உப்புக்கும் சொன்னதுதான் இதற்கும்: பெயரிலுள்ள பாதியைப் பார்த்துப் பொருளின் குணத்தை முடிவு செய்யக்கூடாது.

எவர்சில்வர் டப்பாவில் உப்பு போட்டால் புள்ளி விழுகிறதே, துருப்பிடிக்காத இரும்பு என்றுதானே சொல்கிறார்கள்?

எவர்சில்வரைத் துருவிலிருந்து காப்பது அதன்மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் குரோமியம் ஆக்சைடு ஏடு. ஈரமான உப்பிலுள்ள குளோரைடு அயனி அந்த ஏட்டை அங்கங்கே ஊசிமுனை அளவுக்குக் கிழித்துவிடும். கிழிந்த இடத்தில் அரிப்பு பக்கவாட்டில் பரவாமல் ஆழமாக இறங்கும். எனவேதான் டப்பா முழுக்கப் பளபளவென்று இருந்தும் அடியில் கரும்புள்ளி தெரிகிறது. தேய்த்தால் போகாது. கொதிக்கும் தண்ணீரில் உப்பைப் போடாமல், வெறும் பாத்திரத்தின் அடியில் கல்லுப்பைப் போட்டுவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றும் பழக்கம் இருந்தால் பாத்திரத்துக்கும் இதே கதி.

திருஷ்டி சுற்றி அடுப்பில் போடும் உப்பு வெடிப்பதும், தீ மஞ்சளாவதும் எதனால்?

வெடிப்பது இயற்பியல், மஞ்சள் நிறம் சோடியத்தின் கையெழுத்து. கல்லுப்பு வளரும்போது தான் மிதக்கும் உப்புநீரையே துளித்துளியாக உள்ளே அடைத்துக்கொள்கிறது. தணலில் விழுந்ததும் அந்தத் துளி ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கல்லைப் பிளந்துகொண்டு வருகிறது. அதுதான் படபடவென்ற சத்தம். கல் பெரிதாக இருந்தால் சத்தமும் பெரிது. பொடியுப்பு அவ்வளவு வெடிக்காது. பட்டது எவ்வளவு பொல்லாத கண் என்பதற்கும் சத்தத்துக்கும் தொடர்பு கண்டுபிடிப்பது அவரவர் பாடு.

பிளந்த துண்டுகளை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் முகங்கள் செங்கோணத்தில் இருக்கும். சோடியமும் குளோரைடும் மாறிமாறி வரிசையாக நிற்கிற அடுக்கு அது. அடி விழுந்து ஒரு வரிசை ஒரு படி நகர்ந்தால், ஒரே மின்சுமை கொண்ட அயனிகள் எதிரெதிரே வந்து ஒன்றையொன்று தள்ளிவிடும். கல் அந்தத் தளத்தோடு நறுக்கென்று உடையும். இந்த அடுக்கை எக்ஸ் கதிர் கொண்டு 1913-ல் காட்டியவர்கள் இயற்பியலாளர்களான பிராக் தந்தையும் மகனும்.

மஞ்சள் நிறத்துக்கு வருவோம். சூட்டில் கிளர்ந்த சோடியம் அணு 589 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிவிடுகிறது. பொங்கிய சாம்பார் கேஸ் அடுப்பில் வழிந்ததும் நீலத் தீ மஞ்சளாவதும் இதே காரணத்தால்தான்.

ஐஸில் உப்பு போட்டால் ஏன் குளிர் கூடுகிறது?

உப்புநீர் பூஜ்யம் டிகிரியில் உறையாது. 23 சதவீத உப்பு இருந்தால் மைனஸ் 21 டிகிரி வரை திரவமாகவே இருக்கும். ஐஸின்மேல் உப்பு விழுந்ததும் ஐஸ் உருகத் தொடங்குகிறது. உருகத் தேவையான வெப்பத்தைச் சுற்றியிருப்பதிலிருந்து பிடுங்குகிறது. பார் ஐஸ் போடும் கம்பெனிகளில் தகர அச்சுகளைக் குளிர்ந்த உப்புநீர்த் தொட்டியில் இறக்கி வைப்பதும் இதனால்தான்: அச்சுக்குள் நல்ல தண்ணீர் உறையும், வெளியே தொட்டி உறையாது.

உப்பு போட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்குமா?

இல்லை. கொதிநிலை ஏறத்தான் செய்யும். ஒரு லிட்டருக்கு 10 கிராம் போட்டால் ஏறுவது 0.2 டிகிரிக்கும் குறைவு. ருசிக்காகப் போடுங்கள்.

எர்த் குழியில் உப்பும் கரியும் கொட்டுகிறார்கள். உப்பு மின்சாரத்தைக் கடத்துமா?

காய்ந்த கல்லுப்பு கடத்தாது. அயனிகள் இருந்தும் நகர முடியாது. கரைந்தாலோ உருகினாலோ நகரும், கடத்தும். எனவே எர்த் குழியில் வேலை செய்வது உப்போடு சேர்ந்த ஈரம். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வது அதற்குத்தான். கரி ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஒரு கெடுதலும் உண்டு: அதே உப்பு இரும்புக் குழாயை மெல்ல அரித்துக்கொண்டேயிருக்கும்.

உப்புக் கரைசலில் ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தை (டி.சி.) செலுத்தினால் குளோரினும் ஹைட்ரஜனும் கிளம்பி, காஸ்டிக் சோடா மிஞ்சும். மேட்டூரிலும் தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்திலும் உள்ள ஆலைகளின் அடிப்படை இதுதான். வீட்டில் பேட்டரி வைத்து மூடிய அறையில் செய்து பார்க்காதீர்கள். மூக்கில் ஏறுவது குளோரின்.

இந்துப்பு வேறு பொருளா?

இல்லை. பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்திலிருந்து வரும் இளஞ்சிவப்புக் கல்லும் 95 சதவீதத்துக்கு மேல் சோடியம் குளோரைடுதான். நிறம் துளி இரும்பால் வந்தது. அதிலுள்ள மற்ற தாதுக்களை உடம்புக்கு ஆகும் அளவில் பெற வேண்டுமானால் ஆபத்தான அளவு உப்பைத் தின்ன வேண்டியிருக்கும். விலைக்கு ஏற்ற கூடுதல் குணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அயோடின் சேர்க்காத உப்பாக வாங்கினால் ஒன்று குறையவும் செய்கிறது.

உப்புக்கு ஏன் காலாவதித் தேதி?

சோடியம் குளோரைடு கெட்டுப்போகாது. தேதி, சேர்த்த அயோடினுக்காக. ஈரத்திலும் சூட்டிலும் அது குறைந்துகொண்டே போகும். நம் ஊர் ஈரக்காற்றைத் தாங்கட்டும் என்றுதான் அயோடைடாகச் சேர்க்காமல் பொட்டாசியம் அயோடேட்டாகச் சேர்க்கிறார்கள்.

உப்பும் சீனியும் கலந்துவிட்டால் பிரிக்க முடியுமா?

உப்பும் மணலும் கலந்தால் தண்ணீர் ஊற்றி வடிகட்டலாம். இரும்புத்தூள் என்றால் காந்தம் போதும். உப்பும் சீனியும் என்றால் சிக்கல்: இரண்டும் வெள்ளை, இரண்டும் நீரில் கரையும், வற்றவைத்தால் இரண்டும் மிஞ்சும். தீயில் காட்டினால் சீனி உருகிக் கருகும், உப்பு அப்படியே கிடக்கும். எது எது என்று கண்டுபிடிக்க அது உதவுமே தவிர, சீனியைத் திரும்பப் பெற உதவாது. கலந்தது கல்லுப்பாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், துகளின் அளவில் வித்தியாசம் இருக்கிறது. சல்லடையில் சலித்துப் பெரும்பாலும் பிரித்துவிடலாம். பொடியுப்பாக இருந்தால் எலுமிச்சம்பழம் இரண்டு வாங்கி வாருங்கள், ஜூஸ் போட்டுக் குடித்துவிடலாம்.